ஒட்டியும் வெட்டியும்: இரண்டு பழைய தலைப்புகளைப் பயிற்றுவிக்கும்போது

முதலாளித்துவமா, சோசலிசமா என்று தலைப்பைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்தால், முதல் பேச்சாளர் வாய் திறந்த ஒரு நிமிடத்துக்குள் வட கொரியா வந்துவிடும். எதிரணி எழுந்ததும் அமெரிக்காவில் மருத்துவச் செலவால் கடனாளி ஆனவர்கள் வருவார்கள். ஒருவர் தன் தரப்பின் சிறந்த நாட்டையும் எதிர்த்தரப்பின் மோசமான நாட்டையும் எடுத்துக்கொள்கிறார், மற்றவரும் அதையே செய்கிறார். எட்டுப் பேர் பேசி முடித்த பிறகும் நடுவரின் தாளில் ஒரு வாதம்கூட இன்னொன்றோடு மோதியிருக்காது. கல்லூரி மாணவர்களை விவாதப் போட்டிகளுக்குத் தயார்செய்யும் வேலையில் இது அன்றாடக் காட்சி. ‘வேறொரு நாட்டுக்குள் படை அனுப்புவது சரியா’ என்ற தலைப்பும் இப்படியே போகும். அங்கே வட கொரியாவின் இடத்தில் ஈராக் நிற்கும்.

இதைச் சரிசெய்ய மாணவர்களுக்கு இன்னும் அதிகத் தகவல் கொடுத்தால் போதும் என்று பல பயிற்சியாளர்கள் நினைக்கிறார்கள். போதாது. சொல்லை உடைக்கக் கற்றுக்கொடுக்க வேண்டும். ‘சோசலிசம்’ என்ற சொல்லைக் கேட்டதும் நான்கு கேள்விகள் எழ வேண்டும். சொத்து யார் பெயரில் இருக்கிறது? விலையை யார் வைக்கிறார்? நட்டம் வந்தால் யார் தலையில் விடிகிறது? முடிவு தப்பானால் அதை மாற்றச் சொல்லி யாரிடம் போகலாம்? ஒரே நாட்டில் ஒரே பொருளுக்கே இந்த நான்குக்கும் வெவ்வேறு விடை வரும்.

தஞ்சை வட்டாரத்து நெல்லை எடுத்துக்கொள்வோம். நிலம் விவசாயியின் பட்டாவில் இருக்கிறது. குறைந்தபட்ச ஆதரவு விலையை ஒன்றிய அரசு அறிவிக்கிறது, மாநில அரசு அதன்மேல் ஊக்கத்தொகை சேர்க்கிறது. நேரடிக் கொள்முதல் நிலையத்தில் நுகர்பொருள் வாணிபக் கழகம் 40 கிலோ சிப்பமாக எடை போட்டு வாங்குகிறது. அரவைக்குத் தனியார் ஆலைகளுக்கும் போகிறது. கடைசியில் ரேசன் கடையில் 2011 முதல் விலையில்லா அரிசியாக வருகிறது. கொள்முதல் நிலையத்து வாசலில் மழையில் நனையும் நெல்லின் நட்டத்தில் பெரும்பகுதி விவசாயிக்கே. இது எந்த அமைப்பு? இந்தச் சங்கிலியை ஒவ்வொரு கண்ணியாகச் சொல்லிப் பழகிய மாணவர், மேடையில் ‘முதலாளித்துவம் சுரண்டும்’ என்றோ ‘சோசலிசம் சோம்பேறியாக்கும்’ என்றோ வெறுமனே சொல்லிவிட்டுப் போக மாட்டார். எந்தக் கண்ணியை மாற்றச் சொல்கிறேன், ஏன் என்று சொல்வார்.

போட்டியில் தயாரிப்புக்குக் கிடைப்பது 15 நிமிடம், பேச்சுக்கு 7 நிமிடம். முதல் 2 நிமிடம் அணியில் இருவரும் பேசக் கூடாது, தனித்தனியே எழுத வேண்டும். உடனே பேசத் தொடங்கினால் சத்தமாகப் பேசுபவரின் எண்ணமே இருவருடையதாகிவிடும். ஒரு தாளை மூன்று பத்தியாக மடித்து, எந்த ஆண்டு, யார் முடிவெடுத்தார், யார் விலை கொடுத்தார் என்று தலைப்பிட வேண்டும். மூன்று பத்தியும் நிரம்பாத உதாரணத்தைப் பேச்சில் சேர்க்கக் கூடாது. கறாரான விதிதான், ஆனால் பாதிப் பேச்சின் கொழுப்பு இதில் கரைந்துவிடும். கடைசி 4 நிமிடத்தை எதிரணி சொல்லப்போகும் மிக வலுவான வாதத்துக்கு ஒதுக்க வேண்டும். பேச்சில் வரையறைக்கு ஒரு நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது. வரையறையிலேயே மூன்று நிமிடம் ஓட்டுபவரிடம் பெரும்பாலும் வாதம் இருக்காது.

இந்தியாவைப் பற்றிய வாதம் வழுக்கும் இடம் ஒன்று உண்டு. 1955 ஜனவரியில் ஆவடி காங்கிரஸ் மாநாடு ‘சோசலிசப் பாணிச் சமுதாயம்’ என்று தீர்மானம் போட்டது. 1969ல் 14 வங்கிகள் அரசுடைமையாயின. 1991 ஜூலையில் தொழில் உரிமக் கட்டுப்பாடுகளின் பெரும்பகுதி போனது. சந்தைத் தரப்பு இதை ‘சோசலிசம் தோற்றது, சந்தை வென்றது’ என்று ஒரே வரியில் முடிக்கும். மறுதரப்பு விழித்துக்கொண்டால், உரிமம் வாங்கி வைத்திருந்த தனியார் நிறுவனங்களுக்குப் போட்டியே இல்லாத சந்தை கிடைத்ததைச் சொல்லும். அங்கே தோற்றது உழைப்பவரின் உடைமையா, அரசு வேலிபோட்டுக் காத்த தனியார் லாபமா? நல்ல கேள்வி. ஆனால் அதே மூச்சில் ‘அது உண்மையான சோசலிசமே இல்லை’ என்று சொன்னால் மாட்டிக்கொள்வார்கள். 2008 நிதி நெருக்கடியை எடுத்தால் எதிரணியும் ‘அது உண்மையான சந்தையே இல்லை’ என்று நழுவ முடியும். இந்தக் கதவை ஒருமுறை திறந்தால் இரு பக்கமும் அதன் வழியே வெளியேறிவிடலாம். அதனால் பயிற்சியில் இந்த வாக்கியத்துக்கு முழுத் தடை. நடைமுறையில் இருந்ததைத்தான் எடைபோட வேண்டும்.

1978 இறுதியில் சீனாவின் அன்ஹுய் மாகாணத்துச் சியாவோகாங் கிராமத்தில் 18 குடும்பங்கள் இரகசியமாகக் கையெழுத்திட்டுக் கூட்டுப்பண்ணை நிலத்தைப் பிரித்துக்கொண்ட செய்தி, இந்தத் தலைப்பில் அதிகம் பயன்படுகிறது, அதிகம் வீணாகவும் போகிறது. நிலவுடைமை தனியாருக்குப் போகவில்லை. அரசுக்கும் கூட்டமைப்புக்கும் அளக்க வேண்டியதை அளந்தபின் மிஞ்சியது யாருக்கு என்பதுதான் மாறியது. ஆகவே சந்தைத் தரப்பு இதைச் சொன்னால், உடைமை மாறாமலே விளைச்சல் ஏன் கூடியது என்று விளக்க வேண்டும். சோசலிசத் தரப்பு சொன்னால், அதற்கு முன் கோடிக்கணக்கானோர் பட்டினியால் செத்த, மாவோவின் ‘பெரும் பாய்ச்சல்’ திட்டக் காலத்தில் கீழிருந்து வந்த உண்மை ஏன் மேலே போய்ச் சேரவில்லை என்று விளக்க வேண்டும். விளைச்சல் இல்லை என்று சொல்ல அதிகாரி பயந்தார். பொய்க்கணக்கின்மேல் அரசு தானியம் பிடித்தது. சந்தைக்கு ஆதரவான மிக வலுவான வாதம் இங்கே இருக்கிறது: தொலைவில் இருப்பவருக்கு விவரம் தெரியாது, தெரிந்தவருக்குச் சொல்லத் துணிவில்லை. மறுதரப்பின் மிக வலுவான வாதத்தை 2008 தருகிறது. செப்டம்பர் 15 அன்று லேமன் பிரதர்ஸ் என்ற அமெரிக்க முதலீட்டு வங்கி விழுந்தது, அக்டோபரில் அமெரிக்க நாடாளுமன்றம் 70,000 கோடி டாலர் வரை மீட்புக்கு அனுமதித்தது. லாபம் தனியாருக்கும் நட்டம் வரி கட்டுபவருக்கும் என்றால், சந்தை தரும் பாடத்தை யார் கற்கிறார்? ‘பேராசை’ என்று பேசி நேரத்தைக் கொல்வதைவிட இந்த ஒரு கேள்வி மேல்.

அயல்நாட்டில் படை என்ற தலைப்புக்கு வேறு நான்கு கேள்விகள். யார் அனுமதி? என்ன இலக்கு? அந்த மண்ணில் யார் துணை? எப்போது வெளியேறுவது? ‘மனிதாபிமானம்’, ‘இறையாண்மை’ ஆகிய இரண்டு சொற்களும் இந்த நான்கும் பேசப்பட்ட பிறகுதான் வரலாம்.

வங்கதேசம் பிறந்த 1971 போரை இந்தக் கேள்விகளில் வைத்துப் பார்க்க வேண்டும். ஐ.நா. பாதுகாப்பு அவையின் அனுமதி இல்லை. அமெரிக்காவும் சீனாவும் எதிர்ப்பக்கம், சோவியத்தின் தடுப்பதிகாரம் (வீட்டோ)தான் நேரம் வாங்கிக் கொடுத்தது. ஆனால் கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து ஏறத்தாழ ஒரு கோடி அகதிகள் எல்லை தாண்டி வந்திருந்தார்கள். 1970 தேர்தலில் வென்ற அவாமி லீக் இருந்தது, களத்தில் வங்காளிகளின் விடுதலைப் படையான முக்தி பாகினி இருந்தது. மழைக்காலம் முடிந்து, சீனா வர முடியாதபடி இமயக் கணவாய்களைப் பனி மூடும்வரை இந்தியப் படை காத்திருந்தது. டிசம்பர் 3 முதல் 16 வரை போர். 1972 மார்ச்சில் இந்தியப் படை வெளியேறிவிட்டது. நான்கில் மூன்று கேள்விகளுக்குத் தெளிவான விடை இருந்தது. இதை வெறும் வீரவரலாறாகப் பேசும் மாணவர் அந்த மூன்றையும் தவறவிடுவார்.

1987ல் இந்தியப் படை இலங்கைக்குப் போனபோது அனுமதி இருந்தது. ஜூலை 29 அன்று ராஜீவ் காந்தியும் இலங்கை அதிபர் ஜெயவர்த்தனாவும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். ஆனால் அழைத்தது கொழும்பு அரசு, படை போய் இறங்கியது தமிழர் மண்ணில். ஆயுத ஒப்படைப்பை மேற்பார்வையிடப் போன படை, அக்டோபரில் புலிகளோடு போரில் இறங்கியது. அதே மாதம் யாழ்ப்பாணம் போதனா மருத்துவமனைக்குள் நோயாளிகளும் மருத்துவர்களும் தாதியரும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். 1989ல் அடுத்த அதிபர் பிரேமதாசா வெளியேறச் சொன்னார், கடைசிப் படை 1990 மார்ச்சில் கிளம்பியது. இந்தியத் தரப்பில் மட்டும் ஏறக்குறைய 1,200 வீரர்கள் இறந்தார்கள். அனுமதி மட்டும் போதாது, நடுவழியில் இலக்கு மாறினால் மற்ற மூன்று விடைகளும் காலாவதியாகிவிடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான நிகழ்வு தமிழ் மாணவர்களுக்கு வேண்டியதில்லை. லிபியாவிலும் அதுவே நடந்தது. 2011 மார்ச் 17 அன்று பாதுகாப்பு அவையில் நிறைவேறிய 1973ஆம் எண் தீர்மானம் குடிமக்களைக் காக்கச் சொன்னது, ஆக்கிரமிப்புப் படை எந்த வடிவிலும் கூடாது என்றும் சொன்னது. குண்டுவீச்சு கடாபியின் வீழ்ச்சிவரை போனது, அக்டோபர் முடிவில் நேட்டோ கிளம்பிவிட்டது. ஆட்சியைக் கவிழ்க்க உதவிய யாருக்கும் அடுத்த நாளைக் கவனிக்கும் பொறுப்பு இருக்கவில்லை.

படையை எதிர்க்கும் அணிகள் திரும்பத் திரும்பச் செய்யும் பிழை, போகாமல் இருப்பதற்கு விலையே இல்லை என்பதுபோல் பேசுவது. ருவாண்டாவில் 1994 ஏப்ரலில் படுகொலை தொடங்கியபோது சுமார் 2,500 ஐ.நா. வீரர்கள் அங்கே இருந்தார்கள். அந்த மாதமே பாதுகாப்பு அவை அதை 270 ஆகக் குறைக்கத் தீர்மானித்தது. ஏறத்தாழ 100 நாளில் 8 லட்சம் பேர் கொல்லப்பட்டார்கள். எதிர்க்கும் அணி இந்த எண்ணை எதிரணி சொல்வதற்கு முன் தானே சொல்லி, பதிலையும் சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் ஏழாவது நிமிடம்வரை அது அவர்கள் கழுத்தில் தொங்கும்.

இரண்டு தலைப்பையும் ஒரே வாரத்தில் பயிற்றுவிப்பது நல்லது. காரணம் இருக்கிறது. முதல் தலைப்பில் ‘அரசுக்கு அவ்வளவு விவரம் தெரியாது’ என்று வாதிடும் மாணவர், இரண்டாவதில் அதே அரசு மொழி தெரியாத நாட்டில் புதிய ஆட்சியைக் கட்டும் என்று நம்புகிறார். ‘பொதுநலனுக்கு அரசை நம்பலாம்’ என்றவர், எல்லை தாண்டினால் அந்த அரசின் ஒரு சொல்லையும் நம்புவதில்லை. இந்த முரணை அவர்களே கண்டுபிடிக்கும்போதுதான் சிந்தனை தொடங்குகிறது. ஈராக்கில் 2003 மே மாதம் அமெரிக்கா தலைமையிலான ஆக்கிரமிப்பு நிர்வாகம் தன் இரண்டாம் ஆணையால் அந்நாட்டு ராணுவத்தையே கலைத்தது. ஆயுதப் பயிற்சி பெற்ற லட்சக்கணக்கானோர் ஒரே நாளில் வேலை இழந்தார்கள். செப்டம்பரில் 39ஆம் ஆணை, எண்ணெய் போன்ற இயற்கை வளங்கள் நீங்கலாகப் பெரும்பாலான துறைகளில் நூறு சதவீத அந்நிய உடைமையை அனுமதித்தது. மேலிருந்து ஆணையிட்டுச் சந்தையை நடத்தவே முடியாது என்று பேசிவந்தவர்கள், ஆணையிட்டே சந்தையை நட்டார்கள். மறுபக்கம் 1978 டிசம்பரில் வியட்நாம் கம்போடியாவுக்குள் நுழைந்து அங்கிருந்த கம்யூனிஸ்ட் கெமர் ரூஜ் ஆட்சியை வீழ்த்தியது, 1979 பிப்ரவரியில் சீனா வியட்நாமைத் தாக்கியது. மூன்றும் செங்கொடி நாடுகள். ஏகாதிபத்தியம் முதலாளித்துவத்துக்கு மட்டும் உரியது என்று சொல்லும் அணி, இந்த மூன்று மாதத்துக்கு விடை வைத்திருக்க வேண்டும்.

பேச்சின் முதல் நிமிடத்துக்கும் கடைசி நிமிடத்துக்கும் இடையில் எதிரணி எழுந்து இடைக்கேள்வி கேட்கலாம், அதற்கு 15 நொடிதான். அதில் அடங்கும்படி இப்படி எழுதிப் பழகுவோம்: “ஒரு அரசால் தன் சொந்த நாட்டில் ரொட்டியின் விலையையே சரியாகக் கணிக்க முடியாது என்றீர்கள். அடுத்தவர் நாட்டின் அரசியலமைப்பை அதனால் எப்படி எழுத முடியும்?” திறமையான பேச்சாளர் தடுமாற மாட்டார். கொலையைத் தடுப்பதற்கு வேண்டிய விவரம் குறைவு, ஒரு சமூகத்தை நடத்துவதற்கு வேண்டிய விவரம் மிக அதிகம், முதலாவதற்கு மட்டுமே நான் படையை ஆதரிக்கிறேன் என்பார். அந்தப் பதிலோடு 1971க்கும் 2003க்கும் நடுவே கோடு விழுந்துவிடும். மேடையில் அப்படி ஒரு பதில் வரும்போது நடுவர் பேனாவை எடுப்பார்.

பிறகு பக்கம் மாற்றுவோம். எதிரணியின் வாதத்தை அவர்களே ‘ஆமாம், இதைத்தான் சொல்கிறோம்’ என்று ஒப்புக்கொள்ளும் அளவுக்கு எடுத்துச் சொன்னபின்தான் மறுக்கலாம். 1987 தலைப்பில் படையை ஆதரிக்க வேண்டியவருக்குக் கையில் கொடுக்க வேண்டியவை, அந்த ஒப்பந்தத்திலிருந்து பிறந்த, இலங்கை அரசியலமைப்பின் 13ஆம் திருத்தம், மாகாண சபைகள், தமிழும் ஆட்சிமொழி என்ற ஏற்பு. இவற்றைக் கொண்டு நேர்மையான ஒரு வாதம் கட்ட முடியும். ஆனால் ஈழத்திலிருந்து வந்த குடும்பத்துப் பிள்ளை யாராவது அணியில் இருந்தால் அந்தப் பக்கத்தை அவருக்கு ஒதுக்குவதில்லை. அவரைத் தனியே கூப்பிட்டு, எந்தப் பக்கம் பேச விருப்பம், இல்லை அன்றைக்கு நடுவராக உட்கார விருப்பமா என்று கேட்டுவிட வேண்டும். அந்தக் கேள்வியைத் தலைப்பை அறிவிப்பதற்கு முன்பே கேட்க வேண்டும்.