பரிந்துரைக் கடிதத்தில் வராத வேலை

குடும்ப மருத்துவர்களுக்கான விருதுத் தேர்வுக் குழுவில் சில ஆண்டுகளாக இருக்கிறேன். சேவை, தலைமை, கற்பித்தல் என்று மூன்று பிரிவுகள். ஒவ்வொரு முறையும் கடிதக் கட்டு வந்து சேர்ந்ததும் ஆசையாகத்தான் பிரிக்கிறேன். நானும் இதே தொழிலில் இருப்பவன். சக மருத்துவர்களைப் பற்றி நாலு நல்ல வார்த்தை படிப்பதில் எனக்குச் சலிப்பு வந்ததே இல்லை. ஆனால் பாதிக் கட்டு முடிவதற்குள் ஒரு குறை தட்டும். நடத்திய முகாம்கள், வகித்த பதவிகள், ஆற்றிய உரைகள் எல்லாம் இருக்கும். அந்த மருத்துவர் தன் அறையில் உட்கார்ந்து என்ன செய்கிறார் என்பது மட்டும் இருக்காது.

எழுதுகிறவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. அறுவை சிகிச்சை நிபுணரின் வேலையை ஒரே வரியில் சொல்லிவிடலாம்: கட்டி இருந்தது, எடுத்தார். குடும்ப மருத்துவரின் வேலையில் பெரும்பகுதி நடக்காமல் தடுத்தவை. வராமல் போன பக்கவாதம், தேவைப்படாமல் போன அட்மிஷன். அதை எப்படிக் கடிதத்தில் எழுதுவது?

எனக்குப் பயிற்சி கொடுத்த மூத்த மருத்துவரின் அறையில் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். வயதான அம்மா ஒருவர். எழுந்து நின்றால் தலைசுற்றல், இரண்டு முறை கீழே விழுந்தும் இருந்தார். மூளை ஸ்கேன் வரை எடுத்தாயிற்று, ஒன்றுமில்லை. டாக்டர் அவரிடம், "வீட்டுல என்னென்ன மாத்திரை இருக்கோ, பழசு புதுசு பார்க்காம எல்லாத்தையும் ஒரு பையில போட்டுக் கொண்டு வாங்கம்மா" என்றார். மறுநாள் பை வந்தது. மேசையில் கொட்டினார். அட்டைகளை ஒவ்வொன்றாகத் திருப்பி, பெரிய எழுத்தில் இருந்த கம்பெனிப் பெயரை விட்டுவிட்டு, அதன் கீழே பொடி எழுத்தில் இருந்த மருந்தின் பெயரை மட்டும் படித்து அடுக்கினார். இரண்டு அட்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து சேர்ந்தன. கம்பெனி வேறு, நிறம் வேறு. உள்ளே இருந்தது ஒரே பிரஷர் மாத்திரை. ஒன்று இருதய மருத்துவர் எழுதியது, இன்னொன்று வேறொரு ஆஸ்பத்திரியில் டிஸ்சார்ஜ் ஆனபோது கொடுத்தது. அந்த அம்மா இரண்டையும் ஒரு வேளைகூடத் தவறாமல் சாப்பிட்டிருக்கிறார். படுக்க வைத்து ஒரு முறை, நிற்க வைத்து ஒரு முறை பிரஷர் பார்க்கும்படி டாக்டர் என்னிடம் சொன்னார். நின்றதும் மளமளவென்று இறங்கியது.

"டாக்டருங்க எழுதினதைத்தானே சாப்பிட்டேன்" என்று அவர் பயந்துபோனார்.

"உங்க மேல ஒரு தப்பும் இல்லம்மா. நாங்கதான் ஒருத்தரை ஒருத்தர் கேட்டிருக்கணும்."

அங்கேயே இருதய மருத்துவருக்குப் போன் போட்டுப் பேசி, ஒன்றை நிறுத்தினார். அதோடு விடவில்லை. நிறைய மாத்திரை சாப்பிடுகிறவர்களும் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியவர்களும் மாத்திரைப் பையோடுதான் வர வேண்டும் என்ற வழக்கத்தை அந்த வாரமே கிளினிக்கில் கொண்டுவந்தார். அப்பாயின்ட்மென்ட் கொடுக்கும்போதே வரவேற்பில் இருப்பவர் நினைவூட்டுவார், செவிலியர் பட்டியலைச் சரிபார்ப்பார்.

இதில் எது சேவை, எது தலைமை, எது கற்பித்தல்? பிரிவுகள் எல்லாம் விருது கொடுக்கும் எங்கள் வசதிக்காக. அந்த அறையில் மூன்றும் ஒரே அரை மணி நேரத்துக்குள் நடந்து முடிந்துவிடுகின்றன. தேர்வுக் குழுவில் நான் ஓயாமல் சொல்லிவருவது இதைத்தான்.

சேவை என்றதும் தியாகத்தைப் பற்றி எழுதுகிறார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது, ஒரே இடத்தில் ஒரே மக்களோடு நிலைத்திருப்பது. நார்வேயில் ஏறத்தாழ 45 லட்சம் பேரின் பதிவுகளை வைத்துச் செய்த ஆய்வு 2021-இல் வெளியானது. ஒரே குடும்ப மருத்துவரிடம் ஓராண்டு இருந்தவர்களோடு ஒப்பிட்டால், 15 ஆண்டுகளுக்கு மேல் இருந்தவர்கள் அவசரமாக ஆஸ்பத்திரியில் சேர்வதும் இறப்பதும் ஏறக்குறைய கால் பங்கு குறைவாக இருந்தது. காரணம் இது ஒன்றுதான் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் ஆண்டுகள் கூடக் கூட அந்த வித்தியாசமும் கூடிக்கொண்டே போனது. இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. ஒருவர் வழக்கமாக எப்படி நடந்து வருவார், எப்படிப் பேசுவார் என்று தெரிந்தவர்தான் இன்றைக்கு ஏதோ சரியில்லை என்பதை அவர் வாய் திறக்கும் முன்பே கண்டுபிடிப்பார்.

தலைமையைப் பதவியோடு முடிச்சுப் போடுவதும் எனக்கு உடன்பாடில்லை. இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் ஐஸ்கார்த் என்ற ஊரில் வில்லியம் பிக்கிள்ஸ் என்ற மருத்துவர் இருந்தார். சுற்றுவட்டக் கிராமங்களில் காய்ச்சலும் மஞ்சள் காமாலையும் வந்தபோது யாருக்கு எப்போது வந்தது, அதற்கு முன் யாரைச் சந்தித்தார்கள் என்று குறித்துக்கொண்டே வந்தார். வீட்டுக்கு வீடு ஆட்களைத் தெரிந்தவர் என்பதால், பெரிய ஆய்வுக்கூடங்களால் முடியாததை அவரால் செய்ய முடிந்தது: தொற்றியதிலிருந்து நோய் தெரிய எத்தனை நாள் ஆகிறது என்று கணக்கிட்டார். 1952-இல் பிரிட்டனில் பொது மருத்துவர்களுக்கான தொழில்முறை அமைப்பாக ஒரு கல்லூரி உருவானது. அதன் முதல் தலைவரானதும் அவர்தான். வேல்ஸில் கிளின்கோரக் என்ற சுரங்கத் தொழிலாளர் ஊரில் வேலை பார்த்த மருத்துவர் ஜூலியன் டியூடர் ஹார்ட், நோயென்று வந்தவர்களோடு நிற்காமல் தன் பொறுப்பில் இருந்த எல்லோருடைய ரத்த அழுத்தத்தையும் அளந்தார். நல்ல மருத்துவம் யாருக்கு அதிகம் தேவையோ அவர்களுக்கே குறைவாகக் கிடைக்கிறது என்று 1971-இல் அவர் எழுதியது இன்றும் மாறவில்லை. இருவருக்கும் பெயர் வந்தது பிறகுதான். செய்த வேலை எல்லாம் அந்தச் சின்ன ஊரில், தங்கள் நோயாளிகளை வைத்துச் செய்தது.

கற்பித்தல் பிரிவுதான் எனக்கு மிகவும் நெருக்கம். 1961-இல் அமெரிக்காவில் பணியாற்றிய மருத்துவர் கெர் ஒயிட்டும் சகாக்களும் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். பெரியவர்கள் 1,000 பேரை எடுத்துக்கொண்டால், ஒரு மாதத்தில் 750 பேருக்கு ஏதோ ஓர் உடல் உபாதை. மருத்துவரிடம் போகிறவர்கள் 250 பேர். ஆஸ்பத்திரியில் சேர்கிறவர்கள் 9 பேர். பல்கலைக்கழக மருத்துவமனை வரை போவது ஒரே ஒருவர். மருத்துவ மாணவர்களுக்குப் பெரும்பாலும் பாடம் நடப்பது அந்த ஒருவரின் படுக்கை அருகே. மீதி 249 பேரைப் பார்ப்பது எப்படி என்பதை யாராவது சொல்லித்தர வேண்டும் அல்லவா?

அந்தப் பாடம் சொற்பொழிவில் வராது. முதல் நாள் காய்ச்சலுக்குப் பெயர் வைக்க முடியாதபோது என்ன செய்வது என்பது அதில் முக்கியமான பகுதி. என் ஆசிரியர் ஒவ்வொரு நோயாளியிடமும் மூன்று விஷயம் சொல்லச் சொல்வார்: இது என்னவாக இருக்கும் என்று நினைக்கிறேன், எத்தனை நாளில் சரியாக வேண்டும், எது நடந்தால் ராத்திரி என்றும் பார்க்காமல் வர வேண்டும். "கவனமா இருங்க" என்று மட்டும் சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டார். "எதைக் கவனிக்கணும்னு சொல்லுங்க" என்பார். மூச்சு வாங்கினால், தண்ணீர்கூட உள்ளே தங்காவிட்டால், குழந்தை முகம் பார்க்காமல் சோர்ந்து கிடந்தால் என்று பெயர் சொல்லிச் சொல்ல வேண்டும். இன்றைக்கு என் பயிற்சி மருத்துவர்களிடம் நானும் அதையே கேட்கிறேன்.

பக்கத்தில் ஒரு மாணவர் உட்கார்ந்தால் ஒவ்வொரு நோயாளிக்கும் நேரம் கூடும், வெளியே வரிசை நீளும், வீட்டுக்குப் போக இருட்டிவிடும். அந்த நேரத்தைப் பெரும்பாலும் மருத்துவர் தன் கையிலிருந்துதான் கொடுக்கிறார். மே 19-ஐ உலகக் குடும்ப மருத்துவர் நாளாக 2010-இலிருந்து கொண்டாடுகிறோம். அன்றைய வாழ்த்துகள் மனதுக்கு இதமானவை, நானும் மகிழ்ச்சியோடு அனுப்புகிறேன். ஆனால் கற்பித்தலுக்கு மரியாதை செய்ய நினைக்கும் நிறுவனம், மாணவர் வரும் நாளில் அந்த மருத்துவரின் அப்பாயின்ட்மென்டுகளில் சிலவற்றைக் குறைக்கட்டும். அது கேடயத்தைவிடப் பெரிய மரியாதை.

குழுவில் இந்த முறை இரண்டு கோரிக்கை வைத்திருக்கிறேன். பரிந்துரைக் கடிதங்களில் ஒன்றாவது கிளினிக்கின் வரவேற்பில் இருப்பவரோ செவிலியரோ எழுதியதாக இருக்க வேண்டும். மருத்துவர் கடைசி நோயாளியிடமும் முதல் நோயாளியிடம் பேசியது போலவே பேசுகிறாரா என்பது அவர்களுக்குத்தான் தெரியும். இன்னொன்று, விருது பெறுகிறவருக்குக் கேடயத்தோடு ஒரு வாரத்துக்கு மாற்று மருத்துவரையும் ஏற்பாடு செய்து தர வேண்டும். முதலாவதை ஏற்றுக்கொண்டார்கள். இரண்டாவதற்குப் பணம் எங்கிருந்து வரும் என்று பேசிக்கொண்டிருக்கிறோம்.