ஆணிக்கு எட்டுப் பை: ஒரு தையல் கடையின் நாட்குறிப்பு

செப்டம்பர் 1, 2025, திங்கள்

மூன்று மெஷின், ஒரு கட்டிங் மேசை. வெட்டுவது கடைக்காரர் ஒருவரே. அளவெடுப்பது, பில் போடுவது, போன் எடுப்பது எல்லாம் அவர் தலையில்தான். இன்றைக்கு எதையும் மாற்றவில்லை. கடிகாரத்தைப் பார்த்துக் குறித்தது மட்டும்.

லைனிங் (உள்துணி) வைத்த ஜாக்கெட் ஒன்றுக்கு வெட்ட 20 நிமிடம், தைக்க 100, கொக்கி, காஜா, ஹெம்மிங் சேர்த்து 25. சாதா ஜாக்கெட் என்றால் தைக்க 50 போதும். எட்டு மணி நேரம் உட்கார்ந்தால் ஊசி ஓடுவது ஆறு மணி நேரம். மீதி நூல் மாற்ற, பாபினில் (அடிநூல் உருளை) நூல் சுற்ற, தப்பாக அடித்ததைப் பிரிக்க, டீ குடிக்க. மெஷினுக்கு 360 நிமிடம், மூன்றுக்கும் 1,080. லைனிங் ஜாக்கெட்டே பத்து வெளியே வந்திருக்க வேண்டும். வந்தது ஐந்து.

தையல்காரர்கள் மெதுவாகத் தைக்கிறார்கள் என்று சொல்லிவிடலாம், அது தப்பு. காலை 10 முதல் இரவு 8 வரை மேசையில் கத்தரி ஓடியது மொத்தமே 105 நிமிடம், அதுவும் பதினான்கு துண்டாக. ஒவ்வொரு முறை விட்டுவிட்டு வரும்போதும் அளவுக்காக வாடிக்கையாளர் கொடுத்த ஜாக்கெட்டை மறுபடி விரித்து, கைக்குழி எவ்வளவு, முதுகு இறக்கம் எவ்வளவு என்று முதலிலிருந்து பார்க்க வேண்டியிருக்கிறது. வெட்டிய துணி இல்லாமல் மெஷின் என்ன செய்யும்?

செப்டம்பர் 4, வியாழன்

வெட்டு இனி காலை 7 முதல் 10 வரை. ஷட்டர் பாதி இறங்கியிருக்கும். வாட்ஸ்அப் பிசினஸில் ‘அவே மெசேஜ்’ (தானாகப் போகும் பதில்) நேரம் 7 முதல் 10 என்று வைத்தாயிற்று: "கட்டிங் நடக்கிறது. 10 மணிக்கு மேல் பதில் வரும். பில் நம்பர் அனுப்பி வையுங்கள்." அளவெடுப்பு காலை 11 முதல் 1, மாலை 5 முதல் 8. மூன்று மணி நேரத்தில் கணக்குப்படி ஒன்பது வெட்டலாம். எட்டு என்று வைத்துக்கொள்வதே நல்லது.

முதல் நாளே ஒரு தடங்கல். ஒவ்வோர் ஆர்டரின் துணியும் தனித்தனிப் பையில் இருக்கும்; மூன்று பைகளில் லைனிங் நனைக்கவே இல்லை. காட்டன் லைனிங்கை நனைக்காமல் வெட்டினால் முதல் துவைப்பிலேயே உள்ளே சுருங்கி, மேல் துணி சுருக்கம் சுருக்கமாக நிற்கும். நனைத்துக் காயவைத்து இஸ்திரி போட ஓர் இரவு வேண்டும். ஆகவே பில் போட்ட அன்று மாலையே வாளிக்குள் போக வேண்டும். சாயம் இறங்கும் நிறங்களுக்குத் தனி வாளி. மெரூனும் சந்தன நிறமும் ஒன்றாக ஊறினால் சந்தனம் போயிற்று.

செப்டம்பர் 9, செவ்வாய்

"வெள்ளிக்கிழமை வளைகாப்பு, வியாழக்கிழமை தந்துடுங்கண்ணா" என்று ஓர் அக்கா கேட்டால், கை தானாக ‘வியாழன்’ என்று எழுதிவிடும். அந்த வியாழனுக்கு ஏற்கெனவே எத்தனை இருக்கிறது என்று பில் புத்தகத்தை அந்த நேரத்தில் யாரும் புரட்டுவதில்லை.

சுவரில் நாலடிப் பலகை ஒன்று, அதில் ஆறு ஆறாக இரண்டு வரிசையில் 12 ஆணி. ஞாயிறு நீங்கலாக இரண்டு வாரத்துக்கு. ஒவ்வோர் ஆணிக்கு மேலும் சாக்பீஸில் தேதி. அது வெட்டும் தேதி, டெலிவரி தேதி அல்ல. வெட்டிய மறுநாள் தையல், மூன்றாம் நாள் மாலை கொக்கி வேலை முடிந்து டெலிவரி. ஆணிக்கு எட்டுப் பை. அதில் ஆறு மட்டுமே பில்லுக்கு. இரண்டு இடம் சிவப்புக் கயிறு கட்டி காலியாக நிற்கும்: ஒன்று அவசரத்துக்கு, ஒன்று நாம் செய்யும் தப்புக்கு.

பட்டுப்பாவாடை வந்தால் இரண்டு பை கணக்கு, கொசுவம் அளந்து மடிக்கவே அவ்வளவு நேரம் பிடிக்கும்.

பை ஆணியில் ஏற என்னென்ன உள்ளே இருக்க வேண்டும்: ஜாக்கெட் துணி, அளவு ஜாக்கெட், நனைத்துக் காய்ந்த லைனிங், நிறம் பார்த்த நூல், பைப்பிங் (ஓரப் பட்டி) துணி, கழுத்து மாடல் வரைந்த பில் நகல். வெளியே லைனிங் துண்டில் பில் நம்பர் எழுதி ஊக்கு குத்தியிருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் பை கீழே கூடையில்தான். பாதி நிறைந்த பையை மேசைக்கு எடுப்பதுபோல் நேரம் தின்னும் காரியம் இந்தத் தொழிலில் வேறில்லை. அளவைப் பார்த்து, துணியை விரித்து, பைப்பிங் இல்லை என்று தெரிந்து மறுபடி மடிப்பதற்குள் பத்து நிமிடம் போய்விடும்.

செப்டம்பர் 15, திங்கள்

தீபாவளி அக்டோபர் 20, திங்கள். புரட்டாசியில் இங்கே கல்யாண வேலை குறையும். அந்த இடத்தைத் தீபாவளித் துணி பிடித்துக்கொள்ளும்.

பின்னாலிருந்து கணக்கு: கடைசி டெலிவரி 17 வெள்ளி. 18, 19 போட்டுப் பார்த்துத் திருப்பிக் கொண்டுவருபவர்களுக்கு. 17-இல் தர 15-இல் வெட்ட வேண்டும். இன்று முதல் 15 வரை ஞாயிறுகளும் ஆயுத பூஜை, விஜயதசமி இரண்டு நாளும் கழித்தால் 25 வெட்டு நாள். ஆறு வீதம் 150 பை. கையில் இருப்பது 58. இன்னும் வாங்கக்கூடியது 92.

‘அக்டோபர் 5 வரை ஆர்டர்’ என்று பலகை வைக்கிறோமே, அது வேலைக்காகாது. ஐந்தாம் தேதிக்குள் 200 வந்தால்? கல்லாப்பெட்டி மேல் 92 கட்டம் போட்ட அட்டை ஒன்று ஒட்டியாயிற்று. பைக்கு ஒரு கட்டம் அடிக்க வேண்டியது. கட்டம் தீர்ந்தால் தீபாவளி புக்கிங் தீர்ந்தது.

செப்டம்பர் 20, சனி

ஆரி வேலை (கொக்கி ஊசியால் போடும் கை எம்பிராய்டரி) ஜாக்கெட் மேசைக்கு இரண்டு தடவை வரும். ஆரிக்குப் போகுமுன் துணியை வெட்டக் கூடாது; சட்டத்தில் இழுத்துக் கட்ட ஓரம் வேண்டும். கழுத்து, கை, முதுகுக் கோடு மட்டும் போட்டு அனுப்ப வேண்டும். திரும்பி வந்த பிறகே வெட்டு. அதனால் அதற்கும் இரண்டு கட்டம். டெலிவரித் தேதியை ஆர்டர் நாளிலிருந்து எண்ணக் கூடாது, ஆரி திரும்பி வந்த நாளிலிருந்து எண்ண வேண்டும். பில்லில் தேதிக்குப் பதில் "ஆரி வந்து 5 நாள்" என்று எழுதுவதே நேர்மை.

நூல் விஷயம்: ஒரு மெஷினில் மேல்நூலும் பாபினும் மாற்ற 3 நிமிடம். நாளைக்குப் பன்னிரண்டு தடவை மாற்றினால் 36 நிமிடம். வெட்டியதை நிறவாரியாக அடுக்கிக் கொடுத்தால் நாலைந்து தடவையில் முடிகிறது. வெளிர் நிறம் முதலில், கறுப்பும் மெரூனும் மாலையில். கறுப்புத் துணியின் தூசி, துணியை நகர்த்தும் மெஷின் பல்லில் ஒட்டியிருக்கும். அடுத்து கிரீம் நிறத்தை வைத்தால் அதில் ஏறும். நூல் கடைக்குப் போவது செவ்வாயும் வெள்ளியும் மட்டும், பகல் வெளிச்சத்தில், துணித் துண்டு கையில் இருக்க.

செப்டம்பர் 26, வெள்ளி

மாதாந்திரப் பராமரிப்பு, 9 முதல் 2 வரை கரண்ட் இல்லை. நேற்றே தெரியும் என்பதால் கொக்கி, ஹெம்மிங், பிசிறு வெட்டுதல் எல்லாம் இன்றைக்கு ஒதுக்கியிருந்தது. மோட்டார் மெஷின் ஒன்றில் பெல்ட்டைக் கீழ்ச் சக்கரத்துக்கு மாற்றிக் காலால் மிதித்தது.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. மெஷின் ஓடாது. நேற்று மாலையே பல் தகட்டைக் கழற்றித் தூசி தட்டி, எண்ணெய் விட்டு, பழைய துணியில் ஓட்டி எண்ணெய் கக்கவிட்டாயிற்று. அதைச் செய்யாமல் மூன்றாம் தேதி பட்டுத் துணியை வைத்தால் கறை நிச்சயம்.

அக்டோபர் 6, திங்கள்

ஆல்டரேஷன் இனி மாலை 3 முதல் 4 மட்டும், ஒரே மெஷினில். "ஒரு தையல்தானே, நிக்கிறேன்" என்பவர்களுக்கு நாற்காலி உண்டு. மூன்று மணிக்குத்தான் மெஷின்.

ஒரு மாதம் வந்த ஆல்டரேஷனுக்குக் காரணம் எழுதி வைத்ததில் பாதிக்கு மேல் ஒன்றே: கை சுற்றளவு இறுக்கம். கொடுக்கும் அளவு ஜாக்கெட் பழசு, லைனிங் இல்லாதது, போட்டுப் போட்டு இளகியது. அதே அளவில் லைனிங் வைத்தால் துணி இளகிக் கொடுக்காது. இனி சாதா அளவில் லைனிங் கேட்டால் கையிலும் மார்பிலும் அரை அங்குலம் கூட்டி வெட்டு. இரு பக்கமும் உள்ளே ஓர் அங்குலம் துணி விட வேண்டும். டேப் வைத்து ஒரு தடவை கையை அளக்க ஒரு நிமிடம். திரும்பி வந்தால் பிரித்துத் தைக்கப் பதினைந்து.

அக்டோபர் 8, புதன்

கட்டம் தீர்ந்தது. பிறகு வந்த ஒன்பது பேரில் நாலு பேர் "தீபாவளி கழிச்சே குடுங்க" என்று துணியை வைத்துவிட்டுப் போனார்கள். 22-ஆம் தேதி ஆணிக்கு எழுதியாயிற்று. மற்றவர்கள் வேறு கடைக்குப் போனார்கள். போகட்டும்.

அக்டோபர் 15, புதன்

கடைசி வெட்டு. "ரெடியா?" என்ற போன்தான் இப்போது பெரிய தொல்லை. கொக்கி தைத்து முடித்தவுடனே, இஸ்திரிக்கு முன்பே செய்தி போகிறது. ‘குவிக் ரிப்ளை’யில் சாய்கோடு போட்டு ‘ரெடி’ என்று அடித்தால் முழு வாசகமும் வந்துவிடும். பில் நம்பரும் பாக்கித் தொகையும் மட்டும் சேர்க்க வேண்டும். பாக்கியைச் சொல்லி அனுப்பினால் கவுன்டரில் சில்லறைக்குப் பேச்சு நீளாது.

அக்டோபர் 22, புதன்

ஏழு பை வாங்காமல் கிடக்கிறது. மூன்றுக்கு அட்வான்ஸே இல்லை. அடுத்த பில்லிலிருந்து பாதிப் பணம் வாங்காமல் பை ஆணியில் ஏறாது. உள்ளே இருக்க வேண்டியவற்றின் பட்டியலில் ஏழாவதாக அதையும் எழுதியாயிற்று. சிவப்புக் கயிறு நைந்துவிட்டது, புதிது கட்ட வேண்டும்.