நிழலைக் கண்டு ஓடி வந்த குஞ்சுகள்

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில், கொலம்பியா ஆற்றில் கலக்கும் ஓர் ஆற்றோரம் இருந்த மீன் குஞ்சு பொரிப்பகத்தில் இரண்டு வருடம் வேலை பார்த்தேன். காலையில் தீவன வாளியோடு தொட்டி ஓரம் போய் நின்றாலே போதும், என் நிழல் விழுந்த இடத்துக்கு ஸ்டீல்ஹெட் குஞ்சுகள் மொத்தமும் திரண்டு வந்துவிடும். ஆரம்பத்தில் எனக்கு அதில் பெருமைகூட இருந்தது.

அப்புறம் ஒருநாள் மேலே ஓடையில் கணக்கெடுக்கப் போனோம். கரையில் நான் குனிந்ததுதான் தாமதம், அங்கே பிறந்த குஞ்சுகள் கல் இடுக்குக்குள் மறைந்துவிட்டன. அவற்றுக்கு நிழல் என்றால் நாரை. எங்கள் குஞ்சுகளுக்கு அது சாப்பாடு.

ஸ்டீல்ஹெட் என்பது கடலுக்குப் போய்த் திரும்பும் ரெயின்போ டிரவுட் மீன்தான். ஆற்றில் பிறந்தது பெரும்பாலும் இரண்டு வருடமாவது ஆற்றிலேயே அடிபட்டுத் தேறித்தான் கடலுக்குப் போகும். நாங்கள் ஒரே வருடத்தில் கொழுக்க வைத்து அனுப்பிவிடுவோம். அதற்கு முன், மயக்க மருந்தில் துவண்ட குஞ்சைக் கையில் எடுத்து, வால் பக்கமாக முதுகில் இருக்கும் சின்னக் கொழுப்புத் துடுப்பைக் கத்தரியால் ஒரு நறுக்கு. தொட்டியில் வளர்ந்தது என்பதற்கு அதுதான் அடையாளம். அந்தத் துடுப்பு இல்லாத மீனைத் தூண்டில்காரர் வீட்டுக்குக் கொண்டுபோகலாம். இருந்தால் திரும்ப ஆற்றில் விட வேண்டும்.

ஆண்டறிக்கையின் முதல் வரி, எத்தனை குஞ்சு விட்டோம் என்பது. திரும்பி வந்தவற்றின் பிள்ளைகள் பிழைத்தனவா என்று எழுத அந்தப் படிவத்தில் கட்டமே கிடையாது.

அந்தக் கணக்கை ஓரிகனின் ஹூட் ஆற்றில் ஆய்வாளர்கள் போட்டுப் பார்த்தார்கள். பவர்டேல் அணையில் ஏறிவந்த மீன்களைப் பிடித்து, செதில் எடுத்துக்கொண்டு மேலே விட்டார்கள். செதிலின் டி.என்.ஏ.வை வைத்து யார் பிள்ளை யார் என்று பார்த்தால், தொட்டியில் வளரும் ஒவ்வொரு தலைமுறைக்கும் ஆற்றில் வம்சம் பெருக்கும் திறன் சுமார் 40 சதவீதம் குறைகிறது. 2007-ல் அராக்கி, கூப்பர், புளூயின் மூவரும் வெளியிட்ட முடிவு இது. 2012-ல் வந்த அடுத்த ஆய்வு இன்னும் கசப்பு: தொட்டியில் எது ஜெயிக்கிறதோ, அதன் பிள்ளைகள்தான் ஆற்றில் அதிகம் தோற்கின்றன.

அதற்காக எல்லாப் பொரிப்பகத்தையும் இழுத்து மூடு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. 1992-ல் ஐடஹோவின் ரெட்ஃபிஷ் ஏரிக்குத் திரும்பியது ஒரே ஒரு சாக்கை சால்மன். வேறு வழியே இல்லாத அந்த நிலையில் தொட்டி சரி. எங்கள் ஆற்றிலோ சொந்த மீன் இன்னும் மிச்சம் இருந்தது. அதன் மேல்தான் லாரி லாரியாகக் கொண்டுபோய்க் கொட்டினோம்.

கடைசியாக நான் குழாயைத் திறந்துவிட்ட நாளில், ஆற்றில் விழுந்த குஞ்சுகள் கொஞ்ச நேரம் கரையோரமே சுற்றிக்கொண்டிருந்தன. தண்ணீரில் நிழல் விழாதபடி நான் தள்ளிப்போய் நின்றேன்.