எட்டு வருஷமும் எட்டாத உச்சியும்

மாமியாரோடு செஞ்சிக் கோட்டைக்குப் போறேன்னு சொன்னதும் ஆபீஸில் எல்லோரும் பாவமாகப் பார்த்தார்கள். எனக்கென்னவோ அத்தையை நினைத்துத்தான் கவலை. 63 வயசு, மூட்டுக்குத் தைலம் தேய்க்கிற ஆள்.

ஞாயிறு காலை கிளாம்பாக்கத்தில் திருவண்ணாமலை பஸ் பிடித்து, திண்டிவனம் தாண்டி செஞ்சியில் இறங்கினோம். நாங்கள் ஏற வேண்டிய கோட்டைக் குன்று ராஜகிரி, ஏறத்தாழ 800 அடி உயரம். கீழே கல்யாண மகாலையும் நெற்களஞ்சியத்தையும் அத்தை நின்றுகூடப் பார்க்கவில்லை. "அம்மன பார்த்துட்டு வந்து பார்த்துக்கலாம் மாப்ள" என்று புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

ஐம்பதாவது படியிலேயே எனக்கு மூச்சு வாங்கியது. வாங்குகிறது என்று சொல்ல முடியுமா? அதனால் சரித்திரம் சொன்னேன். "அத்தை, ஒரு நிமிஷம் நில்லுங்க. 1677-ல சிவாஜி இந்தக் கோட்டைய..."

"நடந்துகிட்டே சொல்லுங்க மாப்ள, காதுல விழுது."

அடுத்த வளைவில் யுனெஸ்கோவை இழுத்தேன். 2025-ல் உலகப் பாரம்பரியச் சின்னமான 12 மராட்டியக் கோட்டைகளில் 11 மகாராஷ்டிராவில், இது ஒன்றுதான் நம்மூரில். "நல்லது" என்றார், திரும்பாமலே. ராஜா தேசிங்கை எடுப்பதற்குள் அவர் அடுத்த வளைவுக்குப் போய்விட்டார்.

கமலக்கண்ணி அம்மன் சந்நிதியோடு என் சரித்திரமும் தீர்ந்தது, தண்ணீரும் தீர்ந்தது. அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டு, "உச்சியில ரங்கநாதர் கோயில் இருக்காமே?" என்றார். வாயைத் திறக்கத் தெம்பில்லாமல் கையை மட்டும் மேலே காட்டினேன். போயே போய்விட்டார்.

சந்நிதிக்குக் கீழே படியில் உட்கார்ந்தேன். சிவாஜி மகன் ராஜாராமைப் பிடிக்க வந்த ஔரங்கசீப் படை, 1698 வரைக்கும் ஏறக்குறைய எட்டு வருஷம் முற்றுகை போட்டுக் கிடந்தது. நான் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் தப்பா? ராஜாராமாவது கோட்டை விழுவதற்குள் தப்பித்துப் போய்விட்டார். எனக்கு அந்த வழியும் இல்லை, ரிட்டர்ன் பஸ்ஸுக்குச் சில்லறை அத்தை பர்ஸில் இருந்தது.

திரும்பி வந்தவர் முகத்தில் வியர்வைகூடக் காணோம். "பள்ளத்துக்கு மேல ஒரு பாலம் போட்டிருக்கான் மாப்ள, அதத் தாண்டினா என்னா காத்து!"

பஸ்ஸில் மனைவி போன். "ஆமாண்டி, அவரும் உச்சி வரைக்கும் வந்தாரு" என்று அத்தை கூசாமல் அடித்துவிட்டார். கண் கலங்கிவிட்டது எனக்கு.

என்ன பிரயோஜனம்? பாலத்தில் நின்று கீழ்நோக்கி எடுத்த படத்தை அரை மணி நேரம் முன்பே குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டிருக்கிறார். மச்சான் அதைப் பெரிதாக்கி, படிக்கட்டில் காலை நீட்டிக் கிடந்த நீலச் சட்டையைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டிருந்தான்.