கழுவிய பிறகும் மிஞ்சுவது

வர்ஜீனியாவின் அப்பலாச்சியன் மலைக்காட்டில் மட்கிய கட்டைகளைப் புரட்டுவதுதான் இரண்டு இலையுதிர் காலமாக என் வேலை. அடியில், ஈரச் சருகோடு சருகாக, விரல் நீளத்தில் சிவப்பு முதுகு சாலமாண்டர் படுத்திருக்கும்; பார்க்கப் பல்லி மாதிரி, ஆனால் தவளைக்குச் சொந்தம். நுரையீரல் கிடையாது. தோலாலேயே மூச்சு விடுகிற உயிர். அந்தத் தோலில் வாழும் பாக்டீரியாக்களைத் தேடித்தான் நாங்கள் வருகிறோம்.

ஒவ்வொன்றுக்கும் புதுக் கையுறை. கிருமி நீக்கிய தண்ணீரில் அலசிவிட்டு, பஞ்சுக்குச்சியால் முதுகையும் வயிற்றையும் தடவி எடுப்போம். முதல் நாள் எனக்கு மனசே ஒப்பவில்லை. தேடி வந்த பாக்டீரியாவையே கழுவி ஊற்றுகிறோமே! போவது மேலே ஒட்டிய மண்தான், தோலில் குடியிருப்பவை அத்தனை லேசில் போகாது என்பது பிறகு விளங்கியது.

அகார் என்ற கூழ் ஊற்றிய தட்டில் அந்தப் பாக்டீரியாக்களை வளர்த்தபோது ஒரு திட்டு கத்திரிப்பூ நிறத்தில் எழுந்தது. ஜாந்தினோபாக்டீரியம் லிவிடம் என்ற பாக்டீரியா. நிறத்தைத் தரும் வயலசின் என்ற பொருளே, தோலைத் தாக்கி நோய் தரும் கைட்ரிட் பூஞ்சையையும் அடக்குகிறது. தவளை, சாலமாண்டர் இனங்களில் 501 இந்தப் பூஞ்சையால் அருகிப்போயின என்கிறது 2019இல் வெளியான கணக்கு. அந்தத் தட்டை வெகுநேரம் கையில் வைத்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம்தான் அந்தத் தவறு. ஆய்வகத்துக்குக் கொண்டுவந்த சாலமாண்டர்களைச் சுத்தமாக வைக்க நினைத்து, பெட்டிகளில் ஈரக் காகிதம் மட்டும் விரித்தேன். சில வாரம் கழித்து எடுத்த மாதிரிகளில் காட்டில் இருந்த பாக்டீரியா வகைகள் பல இல்லை. இதே இனத்தை வைத்து 2014இல் வந்த ஆய்வு சொன்னதும் இதுதான்: மண்ணோடு வாழ்ந்த சாலமாண்டர்கள் தோலில் பல வகை பாக்டீரியாக்களைக் காத்துக்கொண்டன, மண்ணில்லாதவை இழந்தன. படித்திருந்தேன். இருந்தும் கை காகிதத்தைத்தான் விரித்தது.

அதற்காக எல்லாம் மண்ணின் வேலை என்றும் சொல்ல முடியாது. ஒரே குளத்தில் வாழும் இரண்டு இனங்களின் தோலில் வெவ்வேறு பாக்டீரியாக் கூட்டம் இருக்கிறது. தண்ணீரில் அரிதாகக் கிடப்பது தோலில் பெருகி நிற்கிறது. சுற்றுப்புறம் விதைக்கிறது, தோல் தேர்ந்தெடுக்கிறது என்றே நான் புரிந்துகொள்கிறேன். கலிபோர்னியாவின் மலைத் தவளைகளைச் சோதனையில் பூஞ்சையிடமிருந்து காப்பாற்றிய அந்த ஊதா பாக்டீரியா, பனாமாவின் பொன் தவளை மேல் நிலைக்கவில்லை. மருந்தைப் போலப் பூசிவிட்டு வந்துவிட முடியாது. அந்த உயிருக்கு ஒத்துப்போகும் பாக்டீரியாவை அதன் காட்டிலேயே தேட வேண்டும்.

இப்போது கட்டையைப் புரட்டினால் அடிமண்ணையும் ஒரு பையில் அள்ளிக்கொள்கிறேன். சாலமாண்டருக்கு எழுதிய எண்ணையே அதற்கும் எழுதுகிறேன். கிளம்புமுன் கட்டை, கிடந்தபடியே திரும்பக் கிடக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்ததற்கு நகர்கிறேன்.