சாக்குக்குள் நின்ற காமராசர்

பெங்களூரில் அல்சூரைச் சுற்றிக் குடியிருக்கும் எங்கள் ஊர்க்காரர்கள் பதினொரு பேர் சேர்ந்து, விருதுநகருக்குப் பக்கத்திலுள்ள சொந்த ஊரில் காமராசருக்கு வெண்கலச் சிலை வைப்பதென்று முடிவு செய்தபோது, பணம் திரட்டுவதுதான் பெரும்பாடு என்று நினைத்தோம். பணம் நான்கே மாதத்தில் சேர்ந்துவிட்டது.

கும்பகோணம் பக்கத்துச் சிற்பியிடம் முன்பணம் கொடுத்த பிறகே, பேருந்து நிறுத்தத்தை ஒட்டிய முச்சந்திக்கு அனுமதி கேட்டு மனுக் கொடுத்தோம். பொதுச் சாலையிலும் நடைபாதையிலும் சிலை வைக்க மாநில அரசுகள் இனி அனுமதிக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2013 ஜனவரி 18 அன்றே ஆணையிட்டிருந்தது எங்களில் ஒருவருக்கும் தெரியாது. தெரிந்திருக்க வேண்டிய அலுவலகமோ மனுவை ஏழு மாதம் வைத்திருந்து, ஒற்றை வரியில் திருப்பி அனுப்பியது.

இதற்கிடையே களிமண் மாதிரி தயாராகிவிட, 1967 தேர்தலில் காமராசரை அருகில் பார்த்த என் சித்தப்பாவை அழைத்துப் போனேன். (சொந்தத் தொகுதியே அவரை 1,285 வாக்குகளில் தோற்கடித்த தேர்தல் அது.) ஈரச்சாக்கை விலக்கியதும் சித்தப்பா முகத்தைப் பார்க்கவில்லை, கையைத்தான் பார்த்தார். "முழங்காலைத் தொடுற கைய்யா அவருக்கு. இது யாரு கை?" என்றார். சிற்பி மறுபேச்சில்லாமல் முழங்கைக்குக் கீழே அறுத்து, மண் வைத்து நீட்டினார்.

பிறகு ஊர்ப் பெரியவர் ஒருவர், சாலையோரத் தம் பட்டா நிலத்தில் ஒன்றரை சென்ட்டைத் தானமாக எழுதிக் கொடுத்தார். தனியார் இடமானாலும் ஆட்சியர் வழியாகத்தான் அனுமதி என்றார்கள். பட்டா, வரைபடம், ஊராட்சித் தீர்மானம், பராமரிப்புச் செலவை நாங்களே ஏற்கும் உறுதிமொழி ஆகியவை எளிதில் முடிந்தன. இழுத்தடித்தது காவல்துறையின் தடையின்மைச் சான்றுதான். தெருத்தெருவாக ஆட்சேபமில்லை என்று கையெழுத்து வாங்குவதற்கு, தூத்துக்குடி எக்ஸ்பிரஸில் ஒன்பது முறை போய்வந்தேன்.

அதுவரை வார்த்து முடிந்த சிலை சிற்பக்கூடத்தில் சாக்கு சுற்றிக் கிடந்தது. 1991 முதல் மூடியே கிடந்து 2009 ஆகஸ்ட் 9 அன்று திறக்கப்பட்ட அல்சூர் வள்ளுவரைக் கடந்து தினமும் காலையில் நடப்பவன் நான். அந்த மாதங்களில் அவரை நிமிர்ந்து பார்க்கவே தயக்கமாக இருந்தது.

இடத்தை முதலில் கையில் வைத்துக்கொண்டுதான் சிற்பியிடம் போயிருக்க வேண்டும். சிலையைப் பீடத்தில் ஏற்றிய அன்று, கிரேனின் வடத்தைக் கழற்றுவதற்குள் சித்தப்பா அருகே போய், எக்கி, தொங்கிய விரல்நுனியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இப்ப சரி" என்றார்.