கேலக்டோஸ் பிளேட்

மைட்டோகாண்ட்ரியாவைப் பாதிக்கும் சேர்மங்களைச் சலித்தெடுக்கும் வேலைக்கு வந்த புதிதில், ரோட்டினோன் போட்ட செல்கள் சாகாமல் இருந்ததைப் பார்த்துக் குழம்பிப்போனேன். மைட்டோகாண்ட்ரியாவின் மூச்சை முதல் கட்டத்திலேயே அடைத்துவிடும் நஞ்சு அது. எங்களிடம் இருந்த ஹெப்ஜி2 செல்களோ, கல்லீரல் புற்றுநோயிலிருந்து வந்தவை, அசையவே இல்லை.

"செல்லுக்கு என்ன சாப்பாடு போட்ட?" என்று கேட்டார் குழுவில் மூத்தவரான அக்கா.

"குளுக்கோஸ்தான் அக்கா."

"அதான். அடுத்த தடவை கேலக்டோஸ் வை."

குளுக்கோஸ் தாராளமாகக் கிடைத்தால் இந்தச் செல்கள் அதை உடைத்தே தங்களுக்கு வேண்டிய ஏடிபியை, அதாவது ஆற்றல் தரும் மூலக்கூறை, செய்துகொள்ளும். மைட்டோகாண்ட்ரியா படுத்துவிட்டாலும் பிழைத்துக்கொள்ளும். கேலக்டோஸும் ஒரு சர்க்கரைதான், ஆனால் அதை அவ்வளவு வேகமாக உடைக்க முடியாது. வேறு வழியில்லாமல் மைட்டோகாண்ட்ரியாவை நம்பித்தான் வாழ வேண்டும். நம் இதயத்தின் நிலைமையும் ஏறக்குறைய அதுதான். சாப்பாட்டை மாற்றிப் போட்டேன். செல்களை வளர்க்கும் சிறு குழிகள் நிறைந்த தட்டுதான் பிளேட்; அதில் ரோட்டினோன் போட்ட குழிகள் அணைந்துபோயின. அணைந்துபோயின என்பது சும்மா பேச்சுக்கு இல்லை: ஏடிபி இருந்தால் ஒளிரும் மின்மினி நொதியைத்தான் கடைசியில் ஊற்றுகிறோம். உயிருள்ள குழி மினுங்கும், இல்லாதது இருட்டு.

அப்புறம் முதல் பெரிய சுற்று. கிடைத்த ஹிட்டுகளை, அதாவது செல்களைப் பாதித்ததாகத் தெரிந்த குழிகளை, பிளேட் படத்தில் குறித்துப் பார்த்தால் பெரும்பாலானவை ஓரத்திலேயே வரிசை கட்டி நின்றன. இன்குபேட்டரில் ஓரக் குழிகளின் நீர் முதலில் ஆவியாகிறது. உள்ளே இருப்பது கெட்டியாகிச் செல்கள் வாடுகின்றன. சேர்மத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. 384 குழிகளில் ஓரத்தில் மட்டும் 76. அன்றிலிருந்து அவற்றில் செல் வளர்க்கும் திரவத்தை மட்டும்தான் ஊற்றுகிறேன். அவ்வளவு இடம் போவது வலிக்கத்தான் செய்கிறது, ஆனால் பொய்யான ஹிட்டைத் துரத்தி வாரக்கணக்கில் அலைவது அதைவிட வலி.

எங்களுக்கு மிகவும் பிடித்துப்போன ஒரு சேர்மம் குளுக்கோஸில் நன்றாக இருந்து கேலக்டோஸில் விழுந்தது. மூன்று முறை திரும்பப் போட்டும் அதே கதை. வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் டிரோக்ளிட்டசோன் நினைவுக்கு வந்தது. 1997இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த சர்க்கரை நோய் மருந்து அது. கல்லீரல் செயலிழந்து சிலர் இறந்ததால் 2000இல் திரும்பப் பெற்றார்கள். மைட்டோகாண்ட்ரியா கெட்டதும் அதற்கு ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. நோயாளியின் கல்லீரலில் தெரியவேண்டியது பிளேட்டிலேயே தெரிந்துவிட்டால் நல்லதுதானே.

ஆனால் தள்ளிவிட்டு மறந்துவிடவும் மனம் வரவில்லை. இதே சர்க்கரை மாற்றும் உத்தியை வைத்து மைட்டோகாண்ட்ரியா ஆய்வாளர் வம்சி மூத்தாவின் குழு 2010இல் மெக்லிசினை அடையாளம் கண்டது. குமட்டலுக்கும் தலைச்சுற்றலுக்கும் கொடுக்கும் பழைய மாத்திரைதான். அது செல்லின் மூச்சை மெல்லக் குறைக்கிறது. ரத்த ஓட்டம் தடைப்பட்ட விலங்குகளின் இதயத்தையும் மூளையையும் அது காத்ததைக் காட்டினார்கள். அதைப் படித்ததிலிருந்து, கேலக்டோஸில் விழுகிற ஒவ்வொன்றுக்கும் நோட்டில் ஒரு வரி கூடுதலாக எழுதுகிறேன்: கொல்லாமல் மூச்சை மட்டும் குறைக்கிற அளவு இதற்கு உண்டா? எங்கள் சேர்மத்துக்கு நேரே அந்த இடம் இன்னும் காலியாக இருக்கிறது. அடுத்த வாரம் பத்தில் ஒரு பங்கு அளவில் போட்டுப் பார்க்கப் போகிறேன்.